மலையடிவாரத்துல வெள்ளப்பூடு போடலாமா, கம்பெனி அக்ரிமென்ட்ல கையெழுத்து போடலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் தாலுகாவுல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. பேரையும் ஊரையும் எடுத்துட்டேன், அடையாளம் தெரியுற மாதிரி இருந்த சில விசயத்தையும் மாத்தியிருக்கேன். வயசு 38, வீட்டுக்காரர் சவுதியில, ரெண்டு பிள்ளைங்க படிக்குது, மாமியாரும் கூட இருக்காங்க. வீட்ட ஒட்டி 70 சென்ட் விளை இருக்கு, பால் வத்திப்போன பழைய ரப்பர வெட்டி எடுத்துட்டாங்க. 40 சென்ட்ல மட்டி வாழையும் மரச்சீனியும் நிக்குது, மிச்சம் 30 சென்ட் சும்மா கிடக்கு.

யூடியூப் பாத்து ஆசைப்பட்டு, வடசேரி சந்தையில 2 கிலோ மலைப்பூண்டு வாங்கி ஐப்பசியில நட்டுருக்காங்க. பாதி மழையில அழுகிப்போச்சு, மிச்சம் பச்சபசேல்னு வளந்துச்சு, ஆனா பறிச்சுப் பாத்தா பல்லே பிரியல, சின்ன உள்ளி மாதிரி ஒத்தையா உருண்டையா இருந்துச்சாம். விதைதான் மோசம்னு முடிவு பண்ணி தேடும்போது பேஸ்புக்ல ஒரு வட மாநில கம்பெனி மாட்டிருக்கு. 30 சென்ட்டுக்கு 60 கிலோ "இமயமலை ஒத்தப்பல் பூண்டு" விதை, கிலோ 1,200 ரூபாய், மொத்தம் 72,000. அறுவடையில 600 கிலோ கண்டிப்பா வரும், கிலோ 400 ரூபாய்க்கு நாங்களே எடுத்துக்கிறோம், உங்களுக்கு 2,40,000 கிடைக்கும்னு கணக்கு போட்டு காட்டிருக்காங்க. இவங்க 10,000 அட்வான்ஸ் அனுப்பிட்டாங்க, "செக்யூரிட்டி"ன்னு கேட்டதுக்கு கையெழுத்து போட்ட வெத்து செக் ஒண்ணும் குடுத்துட்டாங்க. அக்ரிமென்ட்ல இன்னும் கையெழுத்து போடல, அடுத்த வாரத்துக்குள்ள போடணும்னு தினமும் போன் வருதாம்.

இதுக்கு மேல நாலு கேள்வி கேட்டுருக்காங்க. "எனக்க விளையில விளையுறத கொடைக்கானல் மலைப்பூண்டுன்னு போட்டு விக்கலாமா அக்கா, விதை அங்கத்ததுதானே?" விதைப்பூண்டா பாக்கெட் போட்டு கூரியர்ல அனுப்பலாமா, ரகம் வாங்கினா திரும்ப நடக்கூடாதுன்னு ஒருத்தர் சொன்னாரே அது உண்மையா? ஏற்கெனவே வாட்சப்ல விக்கிற பூண்டு தேன்ல "இருதய அடைப்பு நீக்கும், சுகரக் குறைக்கும்"னு லேபிள் ஒட்டலாமா? வீட்டுக்காரருக்க கூட்டுக்காரர் அமெரிக்காவுல இருந்து நல்ல ரகம் பெட்டியில போட்டு கொண்டு வாறேன்னு சொல்லுதாரே, வாங்கலாமா?

தங்கச்சி, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். வீட்டுக்காரர் அனுப்புற பணத்த மட்டும் நம்பி இருக்காம சொந்தமா ஒண்ணு செய்யணும்னு நீங்க எழுதின இடம் மனசுல நிக்குது. அதனாலதான் கொஞ்சம் நீளமாவே, ஒளிவு மறைவு இல்லாம எழுதுறேன். பூண்டு வளக்குறதோ விக்கிறதோ உங்களுக்கு எந்தச் சட்டச் சிக்கலும் கொண்டு வராது. நீங்க விக்கிற பொருள் மேல என்ன பேர் எழுதுறீங்க, யாரோட பேப்பர்ல கையெழுத்து போடுறீங்க, இந்த ரெண்டும்தான் கோர்ட்டு வரைக்கும் இழுக்கும்.

மொதல்ல அந்த செக்

மத்தத எல்லாம் பொறவு பாக்கலாம், இது இந்த வாரம் முடியணும். "தொகை எழுதல, தேதி எழுதல, அது செல்லாதுதானே"ன்னு எழுதியிருக்கீங்க. அப்படி இல்லம்மா. நம்ம ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான் நினைக்காங்க. 2019-ல உச்ச நீதிமன்றம் தெளிவாவே சொல்லியிருக்கு, ஒருத்தர் தானா விரும்பி கையெழுத்து போட்டு குடுத்த செக்க பொறவு வேற ஆள் நிரப்பினாலும், அது குடுக்க வேண்டிய பணத்துக்காக குடுத்ததுன்னுதான் சட்டம் எடுத்துக்கும், இல்லன்னு காட்டுற பொறுப்பு கையெழுத்து போட்டவங்க தலையிலதான். செக் பவுன்ஸ் ஆனா மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவுல ரெண்டு வருசம் வரை சிறை, இல்லன்னா செக் தொகையில ரெண்டு மடங்கு வரை அபராதம், இல்ல ரெண்டும் சேத்து.

ஆனா உங்க நிலமை இன்னும் கைமீறல. அவங்க ஒரு பல் விதை கூட அனுப்பல, நீங்க அக்ரிமென்ட்ல கையெழுத்தும் போடல, அப்படின்னா இன்னைக்கு தேதியில நீங்க அவங்களுக்கு ஒரு ரூபா கடனும் இல்ல. இத எழுத்துல பதிய வைக்கணும். "எனக்கு இந்த ஒப்பந்தத்துல விருப்பம் இல்ல, விதை அனுப்ப வேண்டாம், அனுப்பினாலும் வாங்க மாட்டேன், இன்ன நம்பர் செக்க திருப்பி அனுப்புங்க, அட்வான்ஸ் 10,000-த்தையும் திருப்பி குடுங்க"ன்னு ஒரு கடிதம், ஈமெயில்லயும் ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க, டெலிவரி ஆனதுக்கு சான்று எடுத்து வைங்க. அதோட ஒரு நகல வச்சு பேங்க்ல ஸ்டாப் பேமென்ட் எழுதி குடுங்க. பேங்க்ல நிறுத்தினா மட்டும் போதும்னு விட்டுறாதீங்க, ஸ்டாப் பேமென்ட் பண்ணின செக்குக்கும் 138 கேஸ் போட முடியும், உங்கள காப்பாத்துறது அந்தக் கடிதம்தான், கடனே இல்லைங்கிறதுக்கு அதுதான் அத்தாட்சி. ஒருவேள அவங்க செக்க போட்டு பவுன்ஸ் ஆகி வக்கீல் நோட்டீஸ் வந்தா, பயந்துபோய் உள்ள வைக்காதீங்க, நோட்டீஸ் கிடைச்ச 15 நாளுக்குள்ள பதில் நோட்டீஸ் போயிரணும்.

செலவுக்கு பயப்பட வேண்டாம். 1987-ஆம் வருசத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, நேர்ல போகலாம், இல்ல 15100-க்கு போன் பண்ணலாம்.

பூண்டு ஏன் பல் பிரியல

உங்க விதை மோசம் இல்ல தங்கச்சி. இத நீங்க மனசுல ஏத்திக்கிட்டாதான் அடுத்த 72,000 தப்பிக்கும். பூண்டுக்கு கிழங்கு பிடிச்சு பல் பிரியணும்னா வளர்ற காலத்துல சில வாரம் நல்ல குளிர் படணும். கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம், ஊட்டி 2,200-க்கும் மேல. கொடைக்கானல் மலையில பூம்பாறை, மன்னவனூர் பக்கம் ராத்திரி அடிக்கிற குளிருலதான் அந்தப் பூண்டு அப்படி பல்லு பல்லா விரியுது. நம்ம மலையடிவாரத்துல மார்கழி ராத்திரியில கூட 20 டிகிரிக்கு கீழ இறங்குறது அபூர்வம். குளிர் கிடைக்காத பூண்டு ஒண்ணு வெறும் தாளா, அதாவது இலையா மட்டும் வளந்து நிக்கும், இல்லன்னா பல் பிரியாம ஒரே உருண்டையா நின்னுரும். உங்களுக்கு வந்தது அதுதான். இன்னொண்ணு, நீங்க நட்டது ஐப்பசி, நமக்கு அப்பதான் வடகிழக்கு மழை கொட்டுற நேரம், பூண்டு தண்ணி தேங்கினா தாங்காது.

இப்ப அந்த கம்பெனியோட "ஒத்தப்பல்" பூண்ட யோசிச்சுப் பாருங்க. இப்படி பல் பிரியாம நின்ன சாதாரணப் பூண்டையும் ஒத்தப்பல்னு விக்க முடியும், அவங்க அனுப்புறது எதுன்னு நட்டு வளர்ற வரைக்கும் உங்களுக்கு தெரியாது. நெசமாவே இமயமலைப் பக்கத்து ரகம்னா அதுக்கு நம்ம ஊட்டிப் பூண்ட விட குளிர் அதிகமா வேணும், நம்ம மண்ணுல அது இன்னும் மோசமா தோக்கும். ரெண்டுல எதுவா இருந்தாலும் நட்டம் உங்களுக்குத்தான். ஒரு ஏக்கருக்கு சுமார் 200 கிலோ விதைப்பூண்டு வேணும்ங்கிறது சரியான அளவு, 30 சென்ட்டுக்கு 60 கிலோன்னு அவங்க சொன்னது அதனாலதான் பொருத்தமா தெரியுது, ஆனா விதைக்கணக்கு சரியா இருக்குங்கிறதுக்காக விளைச்சல் கணக்கும் சரியாயிராது.

ஆசைய முழுசா விட்டுருங்கன்னு நான் சொல்லல. ரெண்டு சென்ட்ல, நாலு கிலோ விதையில, சோதனையா போடுங்க. சமவெளிக்குன்னு வந்த ரகங்கள் இருக்கு, யமுனா சபேத் 3-ன்னு சொல்ற ஜி-282, பூனா பக்கம் ராஜகுருநகர் வெங்காயம் பூண்டு ஆராய்ச்சி நிலையத்தோட பீமா பர்ப்பிள் மாதிரி. விதைப்பூண்ட ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல ஒண்ணரை ரெண்டு மாசம் வச்சு குளிர் காட்டிட்டு, மழை ஓய்ஞ்ச பிறகு மார்கழி பிறப்புல மேட்டுப்பாத்தி போட்டு நடலாம். அப்பவும் கிழங்கு மலைப்பூண்டு அளவுக்கு வராது, ஆனா தாள் வரும். பச்சைப் பூண்டுத் தாள கட்டு கட்டா நாகர்கோவில்ல ஹோட்டல்காரங்களுக்கும் வடசேரி உழவர் சந்தையிலயும் குடுத்துப் பாக்கலாம், அதுக்கு கிழங்கு பிடிக்கணும்னு அவசியமே இல்ல, சீக்கிரம் அறுக்கலாம். நடுறதுக்கு முன்னால பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துலயும் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துலயும் ஒரு எட்டு போய் மண்ணயும் காட்டி கேட்டுருங்க, ரெண்டும் உங்களுக்கு எட்டுற தூரம்தான்.

ஆன்லைன்ல கருப்பா குட்டி குட்டியா "பூண்டு விதை"ன்னு பாக்கெட் விக்கிறாங்களே அதையும் வாங்கிராதீங்க. நாம வளக்குற பூண்டு விதை பிடிக்காது, பல்ல நட்டுத்தான் வரணும்.

அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்கு

நீங்க அனுப்பின பேப்பர முழுசா படிச்சேன். மூணு இடம் எனக்கு உறுத்துது.

ஒண்ணு, "தரம் கம்பெனி நிர்ணயித்தபடி இருந்தால் மட்டுமே கொள்முதல்" அப்படிங்கிற வரி. என்ன தரம், கிழங்கு எத்தன மில்லிமீட்டர், யாரு அளப்பாங்க, எங்க வச்சு அளப்பாங்க, ஒண்ணுமே இல்ல. இந்த ஒரு வரி இருக்குற வரைக்கும் 400 ரூபாங்கிறது வெறும் எழுத்து. உங்க விளைச்சல் ஒத்தையா உருண்டையா வரும்போது "இது தரமில்ல"ன்னு போன வச்சுருவாங்க, விதைக்கு வாங்கின 72,000 அவங்ககிட்ட பத்திரமா இருக்கும். அவங்களுக்கு வியாபாரமே விதைய விக்கிறதுதான், விளைச்சல வாங்குறது இல்ல. 2012-ல கொங்கு பக்கம் ஈமு கோழியில நம்ம ஜனங்க எப்படி கோடிக்கணக்குல தொலைச்சாங்கன்னு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், அங்கயும் குஞ்சு வித்தாங்க, திரும்ப வாங்குறோம்னாங்க.

ரெண்டாவது, "முளைப்பு, மகசூல் எதற்கும் கம்பெனி பொறுப்பல்ல". வாயால 600 கிலோ கண்டிப்பா வரும்னு சொல்லிட்டு பேப்பர்ல பொறுப்பே இல்லன்னு எழுதியிருக்காங்க. போன்ல சொன்னதுக்கு கோர்ட்டுல மதிப்பு கிடைக்கிறது கஷ்டம். வாட்சப்ல வந்த கணக்கு, விளம்பரம், குரல் பதிவு எதையும் அழிச்சிராதீங்க, அதுதான் உங்க சாட்சி.

மூணாவது, தகராறு வந்தா அவங்க ஊர்லதான் நடுவர் தீர்ப்பு (கோர்ட்டுக்கு வெளிய ஒரு ஆள வச்சு தீக்கிறது), அவங்க ஊர் கோர்ட்டுதான்னு இருக்கு. இத பாத்துதான் பெரும்பாலான ஜனங்க "அங்க போய் கேஸ் நடத்த முடியுமா"ன்னு விட்டுறாங்க. விட வேண்டாம். இதே மாதிரி விதை குடுத்து விளைச்சல திரும்ப வாங்குற ஏற்பாட்டுல, விதை மோசமாப்போன விவசாயிங்க நுகர்வோர் தானா, நுகர்வோர் மன்றத்துக்கு வரலாமான்னு ஒரு பெரிய கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2012-ல தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட அந்த வழக்குல, விவசாயி நுகர்வோர்தான், திரும்ப வாங்குறோம்னு ஒப்பந்தம் இருக்குங்கிறதுக்காக அவர் வியாபாரி ஆயிர மாட்டார், நடுவர் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் மன்றத்துக்கு வரலாம்னு தீர்ப்பு வந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேல போய், புகார் குடுக்கிறவங்க எங்க குடியிருக்காங்களோ அங்கயே கேஸ் போடலாம்னு சொல்லுது. அதனால நாகர்கோவில்ல இருக்குற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். உங்க 10,000 திரும்பி வரலன்னா இந்த வழிதான், அதுக்கு முன்னால 1915 நுகர்வோர் உதவி எண்ல ஒரு புகார பதிஞ்சு வைங்க, சில கம்பெனிங்க அதுக்கே பணத்த திருப்பி போட்டுருவாங்க.

கையெழுத்து போட்டுத்தான் ஆகணும்னு யாராவது வற்புறுத்தினா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. தமிழ்நாட்டுல ஒப்பந்த சாகுபடிக்குன்னு 2019-லயே தனிச் சட்டம் வந்தாச்சு, கொள்முதல் பண்றவரும் விவசாயியும் போடுற ஒப்பந்தத்த அதிகாரிகிட்ட பதியணும்ங்கிறதுதான் அதோட அடிப்படையே. "எங்க பதியப் போறீங்க, நம்பர் குடுங்க"ன்னு கேளுங்க. வேளாண் விற்பனைத் துறை ஆபீஸ்லயும் அந்த கம்பெனி பேர சொல்லி விசாரிங்க.

இன்னொரு விசயத்த கடிதத்துல போற போக்குல எழுதியிருக்கீங்க, பட்டா மாமியார் பேர்ல இருக்குன்னு. அப்படின்னா அந்த நிலத்த வச்சு நீங்க எந்த ஒப்பந்தம் போட்டாலும் அவங்க சம்மதம் எழுத்துல வேணும். வீட்டுக்காரரும் அவருக்க தம்பியும் நாளைக்கு பாகம் பிரிக்கிற நேரத்துல இது பெரிய பேச்சாகும். கொழுந்தன் "வேண்டாம் மைனி"ன்னு சொன்னத பொறாமைன்னு எடுத்திருக்கீங்க, இந்த விசயத்துல அவர் சொன்னது சரி.

எந்தப் பேர்ல விக்கிறது

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. அது விதைக்கு குடுத்த பேர் இல்ல, இடத்துக்கு குடுத்த பேர். அந்த மலையில, அந்த மண்ணுல, அந்தக் குளிருல விளைஞ்சாதான் அந்தப் பேர். அங்க இருந்து விதை வாங்கிட்டு வந்து திருவட்டார் பக்கம் நட்டா அது திருவட்டார் பூண்டுதான். தெரிஞ்சே தப்பான பேர் போட்டு விக்கிறது 1999-ஆம் வருசத்து புவிசார் குறியீட்டுச் சட்டப்படி சிறைத் தண்டனை வரைக்கும் போகக்கூடிய குற்றம். நீங்க அப்படி ஏமாத்தணும்னு கேக்கல, விதை அங்கத்ததுதானேன்னு வெள்ளந்தியா கேட்டுருக்கீங்க, ஆனா பூம்பாறையில அதே பேர நம்பி பூண்டு போடுற ஒரு அம்மாவுக்கு உங்க லேபிளால நட்டம் வருமே, அதையும் யோசிங்க.

அதே நேரம் ஒரு வழி இருக்கு. தேனி மாவட்டத்து வடுகபட்டி சந்தையிலயோ நேரா மலையிலயோ நெசமான கொடைக்கானல் பூண்ட பில்லோட வாங்கி, அதே பேர்ல நீங்க திரும்ப விக்கலாம், முறைப்படி வாங்கின பொருள மறுபடி விக்கிறத அந்தச் சட்டம் தடுக்கல. நல்ல பேர் இருக்குற வாட்சப் குரூப்ப வச்சிருக்கீங்க, உங்களுக்கு இது விளைவிக்கிறத விட லாபமா கூட இருக்கும். ஆனா அப்ப நீங்க விவசாயி இல்ல, வியாபாரி. சொந்த விளையில விளைஞ்ச பூண்ட அப்படியே விக்கிற விவசாயிய 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் தொடாது, வாங்கி விக்கிறவங்க பதிவு எடுக்கணும். சின்ன அளவுல செய்றவங்களுக்கு பெரிய லைசன்ஸ் வேண்டாம், பதிவுச் சான்று போதும், கட்டணம் ரொம்பக் கம்மி. பாக்கெட் போட்டா எடை, பேக் பண்ணின மாசம், விலை, உங்க பேரு விலாசம், புகாருக்கு ஒரு போன் நம்பர் இதெல்லாம் அச்சுல இருக்கணும், தராசு முத்திரை போட்டதா இருக்கணும்.

உங்க ஒத்த உருண்டைப் பூண்ட என்ன செய்யலாம்னா, "எங்க தோட்டத்து ஒத்தப்பல் பூண்டு"ன்னு தாராளமா விக்கலாம். அது உண்மை. இமயமலை, காஷ்மீர், கொடைக்கானல் இதுல எதுவும் கூட ஒட்டக்கூடாது.

ஊர்ப் பேரோட விக்கணும்னு ஆசை இருந்தா நம்ம மாவட்டத்துக்குன்னு சொந்தப் பேர் இருக்கே. கன்னியாகுமரி கிராம்புக்கு புவிசார் குறியீடு 2021-ல கிடைச்சது, கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல கிடைச்சது. உங்க 40 சென்ட்ல ஏற்கெனவே மட்டி நிக்குது. அதுக்கு அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பதிஞ்சுட்டா அந்தப் பேர முழு உரிமையோட போட்டு விக்கலாம், பூண்டுக்கு தேடி அலையுற பேர் உங்க கொல்லையிலேயே குலை தள்ளி நிக்குது.

விதைப்பூண்டு விக்கலாமா

ரகம் வாங்கினா திரும்ப நடக்கூடாதுன்னு சொன்னவருக்கு சட்டம் தெரியல. தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைகள் சட்டம் 2001, 39-வது பிரிவு, விவசாயிக்கு தன் விளைச்சல விதையா எடுத்து வைக்க, திரும்ப நட, மாத்திக்க, பங்கு குடுக்க, விக்க உரிமை குடுக்குது, பாதுகாக்கப்பட்ட ரகமா இருந்தாலும் சரி. ஒரே கட்டுப்பாடு, அந்த ரகத்துப் பேர லேபிள் ஒட்டி பிராண்ட் விதையா விக்கக்கூடாது. 2019-ல குஜராத்துல உருளைக்கிழங்கு போட்ட விவசாயிங்க மேல ஒரு பெரிய சிப்ஸ் கம்பெனி கேஸ் போட்டப்போ இந்தப் பிரிவதான் நாடு முழுக்க எல்லாரும் எடுத்துக் காட்டினாங்க, அந்த கேஸ்கள கம்பெனி வாபஸ் வாங்கிச்சு.

ஆனா கூரியர்ல அனுப்புறது வேற. 1966 விதைகள் சட்டத்துல விதைன்னா கிழங்கு, பல், பதியம் எல்லாம் அடங்கும். தன் நிலத்துல விளைஞ்சத தன் இடத்துல வச்சு, நடுறதுக்கு வாங்குற ஆளுக்கு நேரா குடுக்கிறவங்களுக்கு அந்தச் சட்டத்துல விலக்கு இருக்கு. பக்கத்து விளைக்காரர் வீட்டுக்கு வந்து வாங்கிட்டு போனா ஒரு பிரச்சனையும் இல்ல. பாக்கெட் போட்டு ஊர் ஊரா அனுப்பினா அது விதை வியாபாரம், 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி டீலர் லைசன்ஸ் வேணும். அதுக்கும் மேல, மேல சொன்ன அதே 2012 தீர்ப்பு உங்க மேலயும் பாயும், உங்க விதைய நம்பி நட்டவங்களுக்கு கிழங்கு பிடிக்கலன்னா அவங்க நுகர்வோர், நீங்க எதிர்மனுதாரர். பூண்டு பல்லுலயே வைரஸும் அழுகல் நோயும் கூட வரும், கண்ணால பாத்து கண்டுபிடிக்கிறது கஷ்டம். இப்போதைக்கு விதைப்பூண்டு விக்கிற யோசனைய தள்ளி வைங்க.

பூண்டு தேன்

லேபிள்ல நீங்க எழுதி அனுப்பின அந்த ரெண்டு வரியையும் எடுத்துருங்க. "எல்லாரும் போடுறாங்களே அக்கா"ன்னு கேட்டுருக்கீங்க, போடுறாங்க, எல்லாரும் மாட்டுறது இல்ல, மாட்டினவங்க வீடு எனக்கு தெரியும். சர்க்கரை நோய், இருதய நோய், ரத்த அழுத்தம் இதெல்லாம் குணமாகும்னு விளம்பரம் பண்றத 1954-லயே ஒரு சட்டம் குற்றமாக்கியாச்சு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் இருக்கு. தேனும் பூண்டும் சேத்தா அது பதப்படுத்தின உணவு, விவசாயி விலக்கு இதுக்கு கிடையாது, நீங்க இன்னும் பதிவு எடுக்கலன்னு எழுதியிருக்கீங்க, எடுக்கிற வரைக்கும் விக்கிறத நிறுத்தி வைங்க.

சட்டத்த விட எனக்கு பயம் வேற. இருதயத்துக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுற ஒரு பெரியவர் உங்க லேபிள நம்பி மாத்திரைய நிறுத்திட்டா என்ன ஆகும்? மாத்திரையோட சேத்து பூண்ட அளவுக்கு மீறி சாப்பிட்டாலும் சிலருக்கு ரத்தக்கசிவு கூடும். ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு தேனே குடுக்கக்கூடாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க, அத லேபிள்ல கண்டிப்பா போடுங்க. எண்ணெயில பச்சப்பூண்ட ஊறவச்சு விக்கப் போறேன்னும் ஒரு இடத்துல எழுதியிருக்கீங்க, அத செய்யாதீங்க. காத்து புகாத எண்ணெய்க்குள்ள, வெளிய சாதாரண சூட்டுல வச்சா, போட்யூலிசம்னு உயிருக்கே ஆபத்தான விசம் உண்டாகலாம். 1985-ல கனடாவுல வான்கூவர்ல இப்படி எண்ணெயில ஊறின பூண்டால பல பேர் ஆஸ்பத்திரிக்கு போனாங்க. ஊறுகாய் போடணும்னா புளிப்பு, உப்பு, சூடு எல்லாம் சரியான அளவுல இருக்கணும், வேளாண் அறிவியல் நிலையத்துல மதிப்புக்கூட்டல் பயிற்சி இருக்கான்னு கேட்டு படிச்சுட்டு செய்ங்க.

பெட்டியில வர்ற அமெரிக்கப் பூண்டு

வேண்டாம். நடுறதுக்குண்டான கிழங்கோ பல்லோ வெளிநாட்டுல இருந்து வரணும்னா 2003 தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி இங்க இறக்குமதி அனுமதியும், அங்க இருந்து தாவர நலச் சான்றிதழும் வேணும். பெட்டிக்குள்ள துணிக்கு நடுவுல வச்சு கொண்டு வந்தா ஏர்போர்ட்ல பறிமுதல், கொண்டு வர்ற அந்த மனுசனுக்கு கஸ்டம்ஸ்ல கேள்வி. சீனப் பூண்ட 2014-ல நம்ம நாடு தடை பண்ணினதே அதுல வந்த பூஞ்சையாலதான். வெள்ளை அழுகல்னு ஒரு பூஞ்சை இருக்கு, ஒரு தடவ மண்ணுல இறங்கிட்டா 20 வருசம் கூட உயிரோட கிடக்கும், அந்த நிலத்துல பிறகு உள்ளியோ பூண்டோ போட முடியாது. அவர் சொல்ற ரகங்கள்ல நடுத்தண்டு கெட்டியா வர்றதுக்கெல்லாம் நம்ம மலைப்பூண்ட விட குளிர் கூடுதலா வேணும், யானைப் பூண்டுன்னு படம் அனுப்பியிருக்காரே அது பூண்டே இல்ல, லீக்ஸ்ங்கிற வெங்காயத் தாள் மாதிரி காய்கறி சாதியச் சேர்ந்தது. அவர் டிக்கெட் போடுறதுக்கு முன்னால வீட்டுக்காரர விட்டு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க.

பேங்க்ல எழுதி குடுத்த நகலும் ஸ்பீட் போஸ்ட் ரசீதும் கைக்கு வந்த உடனே எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. கம்பெனிக்காரங்க மறுபடி போன் பண்ணினா நீங்க பேச வேண்டாம், "எழுத்துல அனுப்புங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுருங்க.